முழுவதும் கேட்டால் என்ன?

(விடுதி மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

மனப்பாடம் என்னும் சொல்லைக் கேட்டதுமே மாணவியராகிய நமக்கு வேப்பங்காயைக் கடித்தது போல் இருக்கும். செய்யுள் மனப்பாடம், வாய்பாடு மனப்பாடம், வேதியியல் சமன்பாடு மனப்பாடம், போர் நடந்த ஆண்டுகள் மனப்பாடம்! எவ்வளவு முயன்று நெஞ்சில் ஏற்றினாலும் தேர்வு முடிந்த மறுநாளே அவை இறக்கை முளைத்துப் பறந்து விடுகின்றன. ஆனால், யாரும் படி என்று சொல்லாமலும், யாரும் மதிப்பெண் போடாமலும், நாமே அறியாமல் மனப்பாடமாகி விடுபவையும் உண்டல்லவா? அத்தகைய ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

ஓர் இசைத் தொகுப்பை, அதாவது 'ஆல்பம்' என்கிறோமே அதை, முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை முறை மாறாமல் மனத்தில் வைத்திருப்பது வீண் வேலையா, பயனுள்ளதா? எங்கள் விடுதியில் இந்த ஆண்டு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பாக இல்லை. பழுதடைந்து வரும் எங்கள் சி.டி. பெட்டிக்குப் பதிலாக, இணையத்தின் வழியே உலகத்துப் பாட்டையெல்லாம் ஒலிக்கக்கூடிய புதிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கித் தர முன்னாள் மாணவியர் சிலர் அன்புடன் முன்வந்திருக்கின்றனர். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என விடுதி சிஸ்டர் எங்களிடமே விட்டுவிட்டார்கள். பேசினோம். பேசியதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். பத்தாம் வகுப்பினராகிய எங்கள் கட்சியின் கருத்து இது.

முதலில் பெயரைப் பார்ப்போம். பழைய நாளில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். நீண்ட இசை ஒன்றைக் கேட்க வேண்டுமானால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பத்தைப் போலவே அட்டை போட்டுத் தைத்த ஏட்டில் உறை உறையாகச் செருகி விற்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'ஆல்பம்' என்னும் பெயர். 1948-இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீள்தட்டு வந்தபின் அத்தனையும் ஒரே தட்டில் அடங்கின. பிறகு 1963-இல் கேசட்டும், 1982-இல் சி.டி.யும் வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. தனித்தனித் தாள்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம் போன்றதுதான் ஆல்பம் என்று இதனால் விளங்குகிறது. புத்தகத்தை நடுவிலே பிரித்து நான்கு வரி படித்து மூடிவிட்டு, படித்தேன் என்று சொல்லுவோமா?

எங்கள் விடுதியில் கைப்பேசிக்கு அனுமதியில்லை. இது எல்லாரும் அறிந்ததே. (பகலில் வரும் தோழியர் எங்களைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உதட்டைப் பிதுக்குவதும் எல்லாரும் அறிந்ததே!) உணவுக்கூடத்தில், மூடி உடைந்து, ரப்பர் வளையம் மாட்டி நிறுத்தப்பட்ட சி.டி. பெட்டி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் பாடல் தட்டு ஒன்றும், தவக்காலப் பாடல் தட்டு ஒன்றும், எப்போதோ படித்த ஓர் அக்கா விட்டுச் சென்ற தட்டு ஒன்றும் உண்டு. முதல் இரண்டுக்கும் காலம் உண்டு. மூன்றாவதற்குக் காலம் இல்லை. ஆகையால் ஞாயிறுதோறும் மதிய உணவுக்குப் பின், நாங்கள் துணி துவைக்கும் நேரத்தில், சிஸ்டர் அதைத்தான் போடுவார்கள். ஆறாம் வகுப்பில் வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஐந்து ஆண்டுகள்!

அந்தத் தட்டு, இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்'. திரைப்படப் பாடல்கள் அல்ல. சொற்களே இல்லாத பத்து இசைத் துண்டுகள். வி. எஸ். நரசிம்மன் அவர்களின் வயலின் அதில் முன்னின்று ஒலிக்கிறது. திருவையாற்றின் தியாகராஜ சுவாமிகளுக்கும் (1767–1847), ஜெர்மனியின் யோஹான் செபாஸ்டியன் பாக் அவர்களுக்கும் (1685–1750) அது காணிக்கையாக்கப்பட்டது.

இந்தச் செய்தியெல்லாம் எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. ஏனெனில் தட்டின் அட்டை எங்களுக்கு முன்பே தொலைந்து போயிற்று. பெயர் தெரியாத பத்து இசைக்கும் மூத்த அக்காமார் தாங்களே பெயர் சூட்டியிருந்தார்கள். நாங்கள் வந்தபோது அந்தப் பெயர்களையே கற்றுக்கொண்டோம். முதலாவது 'கதவு திறக்குது'. இரண்டாவது 'ஓடிப் பிடிச்சு'. ஏழாவது, மூச்சு விடாமல் வயலின் ஓடுவதால், 'தையல் மிஷின்'. பத்தாவது 'மணி அடிக்கப் போகுது'. அது முடிந்தால் படிப்பு நேரத்துக்கு மணி அடித்துவிடும் என்பதே அப்பெயரின் காரணம். மூன்றாவது தொடங்கும்போது வாளிகள் கிணற்றடியில் இருக்க வேண்டும். ஐந்தாவதற்குள் கொடியில் துணி ஏறிவிட வேண்டும். கடைசி இரண்டும் தலை பின்னுவதற்கு. எங்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை கைக்கடிகாரமே தேவைப்படுவதில்லை.

அட்டை இல்லாத தட்டின் பெயரோ 'இதற்கு எப்படிப் பெயர் வைப்பது' என்று பொருள்படுவது! இதை அறிந்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு மேல்மாடி வரை கேட்டது.

சென்ற ஆண்டு இசை வகுப்பில் 'ஃபியூக்' என்னும் மேனாட்டு இசை வடிவத்தைப் பற்றி ஆசிரியை விளக்கினார்கள். ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். அது போய்க்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு சுருதியில் தொடங்கும். பிறகு மூன்றாவது. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போகும். 'ஓடுதல்' என்று பொருள்படும் 'ஃபூகா' என்னும் லத்தீன் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்றார்கள். விடுதி மாணவியர் அனைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டாவது துண்டின் உண்மைப் பெயரிலேயே 'ஃபியூக்' என்ற சொல் இருந்தது! இலக்கணம் அறியாத ஏதோ ஓர் அக்கா 'ஓடிப் பிடிச்சு' என்று காதால் கண்டுபிடித்து வைத்ததை, ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தப் பாடத்தை நாங்கள் குறிப்பெடுக்கவே தேவைப்படவில்லை. அது எங்களுக்குள் முன்னமே இருந்தது.

பொருள் புரியாமல் மனப்பாடம் செய்வது கிளிப்பிள்ளை வேலை என்று சிலர் சொல்லுகிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தானே பிறகு புரிந்துகொள்ள முடியும்? புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின்படி துறவிகள் 150 திருப்பாடல்களையும் வாரந்தோறும் பாடி முடித்தனர். பதினைந்து வயதில் மடத்துக்கு வந்த ஒருவருக்கு அத்தனையின் பொருளும் அன்றே விளங்கியிருக்குமா? நம் நாட்டு இசை மரபிலே 'கேள்வி ஞானம்' என்றொரு சொல் உண்டு. ஏடும் எழுத்தும் இல்லாமல் கேட்டுக் கேட்டே வரும் அறிவு அது. வள்ளுவரும் கேள்விக்கென்றே 42-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார்.

இந்த வரிசையில் ரோமையில் நடந்த ஒரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1770-ஆம் ஆண்டு புனித வாரத்தில், சிஸ்டைன் ஆலயத்தில் அல்லேக்ரி என்பவர் அமைத்த 'மிசரேரே' பாடப்பட்டது. அதைக் கேட்ட சிறுவன் ஒருவன் தங்கிய இடத்துக்குத் திரும்பி, நினைவிலிருந்தே முழுவதையும் எழுதிவிட்டான். அச்சிறுவன் மோட்சார்ட். அப்போது வயது பதினான்கு. நம்மைவிட ஒரு வயது சிறியவன்! மோட்சார்ட்டுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. நமக்கு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அவன் கேட்டது ஒன்பது குரல்கள் சேர்ந்து பாடும் ஓர் இசையின் முழுமையை. முதல் சில நொடிகளைக் கேட்டுவிட்டு அடுத்த ஆலயத்துக்கு ஓடியிருந்தால் அவனாலும் எழுதியிருக்க இயலாது.

இப்போது வரிசைக்கு வருவோம். எங்கள் கட்சியின் வலுவான வாதம் இதுதான். மேற்படி தொகுப்பின் ஏழாவது துண்டின் உண்மைப் பெயர், பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படுவது. அடுத்த எட்டாவது துண்டின் பெயர், பிறகு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்று பொருள்படுவது. பெயருக்கு முன்னே மூன்று புள்ளிகளும் உண்டு. அதாவது இரண்டும் சேர்ந்தே ஒரு வாக்கியம்! முதலில் பாக் எழுதிய தனி வயலின் இசை வருகிறது. அதன் ஏட்டில் உள்ள ஆண்டு 1720. அதன்மேல் நம் நாட்டு இசை வந்து கலக்கிறது. அதன் பிறகே பேச்சு. விருந்தினர் வருமுன்னே பேசுவது எங்ஙனம்? பண்ணைப்புரத்தில் பிறந்தவர் ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மறைந்துவிட்ட, லீப்சிக் நகரத்துப் புனித தோமா ஆலயத்தின் இசை ஆசானைத் தம் வீட்டுக்கு அழைத்து உட்கார வைக்கிறார். இந்த அழகெல்லாம் ஏழுக்குப் பிறகு எட்டு வந்தால்தான் உண்டு.

இன்றைய செயலிகளில் பாடல்களைக் கலைத்துப் போட ஒரு பொத்தான் இருக்கிறது. சீட்டுக்கட்டைக் கலைப்பது போல அது ஆல்பத்தைக் கலைத்துவிடும். இதை நாங்கள் மட்டும் குறையாகச் சொல்லவில்லை. 2021-இல் ஆங்கிலப் பாடகி அடேல் தம் '30' என்னும் தொகுப்பு வெளிவந்தபோது, ஆல்பம் பக்கத்தில் கலைத்துப் போடுவதே முதன்மைப் பொத்தானாக இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஸ்பாட்டிஃபை நிறுவனமும் அதற்கு இணங்கியது. பாடியவரே வரிசையைக் காப்பாற்றப் போராட வேண்டிய காலம் வந்துவிட்டது, பார்த்தீர்களா!

எதிர்க்கட்சி சொல்லுவதையும் மறைக்காமல் எழுத வேண்டும் அன்றோ? எட்டாம் வகுப்பினர் கேட்டார்கள்: "அக்கா, உலகத்திலே கோடிக்கணக்கான பாட்டு இருக்கும்போது பத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது கிணற்றுத் தவளைத்தனம் இல்லையா?" நல்ல கேள்வி. எங்களிலேயே இருவருக்கு இந்தத் தட்டு அறவே பிடிக்காது. ஏழாவது வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். (ஆனால் அவர்களுக்கும் அது முழு மனப்பாடம். எப்போது கையை எடுக்கலாம் என்பது சரியாகத் தெரியும்!) ஒரே தட்டு என்பது எங்கள் தேர்வு அல்ல, எங்கள் வறுமை என்று ஒருத்தி சொன்னாள். அதையும் மறுக்க இயலாது. திருவாசகத்தை ஆறு பாடல்களாக இளையராஜா புடாப்பெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினருடன் இசைத்து 2005-இல் வெளியிட்டிருக்கிறார். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் நடத்திய தமிழ் மையம் என்னும் அமைப்பின் முயற்சியால் வந்த தொகுப்பு அது. எங்களில் யாரும் அதை இன்னும் முழுவதும் கேட்டதில்லை. புதிய பெட்டி வந்தால் கேட்கலாம். ஆகவே புதிய பெட்டி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு உணவுக்கூடத்தில் சண்டைக்கு வந்துவிட்டார்கள்!

கைப்பேசி உள்ளவர்களுக்கு எதுவும் முழுதாகத் தெரியாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பகலில் வரும் தோழி ஒருத்திக்கு, கொரிய நாட்டு பி.டி.எஸ். குழுவினரின் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகத் தெரியும். கொரிய மொழியில் ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாமல் தொடங்கி, இன்று அம்மொழியின் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கிறாள். அவள் எங்கள் கட்சிதான். மாறாக, தன் பட்டியலில் நாலாயிரம் பாட்டு இருப்பதாகப் பெருமை பேசும் இன்னொருத்தியை, சுற்றுலாப் பேருந்தில் எல்லாருமாகச் சேர்ந்து, ஏதேனும் ஒன்றை முழுவதும் பாடு என்றோம். பல்லவி வந்தது. முதல் சரணத்தின் நடுவிலே பேருந்து ஆடியதோ என்னவோ, பாட்டு நின்றுவிட்டது. அவளுக்கு நல்ல குரல். ஆகையால்தான் வருத்தமாக இருந்தது.

நம் பெரியவர்களைக் கவனியுங்கள். 1984-இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வாதங்களைக் கதைவசனக் கேசட்டில் கேட்டே ஒப்பிக்கும் பெரியம்மாமார் எத்தனை பேர்! 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமிக்கும் இறைவனுக்கும் நடக்கும் வழக்கை, இருவர் குரலிலும் மாறி மாறிப் பேசிக்காட்டும் தாத்தாக்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் 1963-இல் பதிவு செய்த சுப்ரபாதமோ, எங்கள் பள்ளிக்குப் பின்புறக் கோவிலிலிருந்து விடியற்காலையில் தவறாமல் வரும். காலைச் செபத்துக்கு எழும் எங்களுக்கு, கிறிஸ்தவர் இந்து முஸ்லிம் என்ற வேறுபாடில்லாமல், அதன் மெட்டு முழுவதும் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை.

மனப்பாடத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. காற்று பலமாக அடித்தது. இன்வெர்ட்டரும் சிறிது நேரத்தில் கைவிட்டது. புதிதாக வந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். செபமாலை சொல்லி முடித்தோம். மின்சாரம் வரவில்லை. அழுகையும் நிற்கவில்லை. அப்போது இருட்டில் எந்தக் கட்டிலிலிருந்தோ 'கதவு திறக்குது' மெல்ல எழுந்தது. அடுத்த கட்டில் சேர்ந்துகொண்டது. 'ஓடிப் பிடிச்சு' வந்தபோது ஜன்னல் பக்கத்தார் ஒரு குரல், சுவர்ப் பக்கத்தார் இன்னொரு குரல் என்று தாமாகவே பிரிந்துகொண்டோம். யாரும் பிரிக்கவில்லை. சொற்கள் இல்லாத இசைதானே, 'ல ல' என்றும் 'த ர ன' என்றும் அவரவருக்கு வந்தபடி. பத்தையும் முடித்தோம். ஒன்பதாவதில் எங்கள் தட்டில் ஒரு கீறல் உண்டு. அவ்விடத்தில் வயலின் நான்கு முறை விக்கிவிட்டுப் பிறகு மேலே போகும். அந்த விக்கலையும் அறுபது பேரும் சேர்ந்தே விக்கினோம். அழுத பிள்ளைகளில் ஒருத்தி பக்கென்று சிரித்தது இருட்டிலே நன்றாகக் கேட்டது.

அன்று இருட்டில் இருந்தவர்களிடம் பத்து வெவ்வேறு பட்டியல்கள் இருந்திருந்தால், ஒருவர் முனகியது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. ஒரே தொகுப்பை எல்லாரும் முழுதாக அறிந்திருந்ததால்தான் அது நடந்தது. தனி ஒருவர் காதில் கருவி மாட்டிக் கேட்பதைத் தவறென்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அறுபது பேர் வாழும் ஒரு வீட்டில், அறுபது பேருக்கும் பொதுவாகத் தெரிந்த இசை என்று ஏதேனும் ஒன்று இருக்க வேண்டுமா, வேண்டாமா?

நாங்கள் வரும் பொதுத்தேர்வு முடிந்ததும் இவ்விடுதியை விட்டுப் போகிறோம். பெட்டியை எடுத்துச் செல்லப் போவதில்லை. தட்டையும் எடுத்துச் செல்லப் போவதில்லை. எங்களுக்கு அவை தேவையும் இல்லை. இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் தங்கையருக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளில் எது மனப்பாடமாகப் போகிறது என்பதே எங்கள் கவலை. ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பாட்டுக் கேட்டு, பாதியிலே மாற்றி, அடுத்தவள் பாட்டுக்கு முகம் சுளித்து, மணி அடிக்கும்போது எதுவுமே முடியாமல் எழுந்து போவார்களோ என்று அஞ்சுகிறோம். முன்னாள் மாணவியர் மாதிரிக்காக அந்த ஒலிபெருக்கியை ஒருநாள் கொண்டுவந்து காட்டியபோது அப்படித்தான் நடந்தது. ஒரு மணி நேரத்தில் முப்பது பாட்டுத் தொடங்கினோம். எண்ணியவள் எங்கள் வகுப்புத் தலைவி. ஆகையால் கணக்கில் பிழையிராது. முடிந்த பாட்டு இரண்டு.

ஆகவே எங்கள் கோரிக்கை இவ்வளவே. புதிய ஒலிபெருக்கி வரட்டும். சனிக்கிழமை மாலையில் அவரவர் விரும்பிய பாட்டைப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஞாயிறு பிற்பகல் துணி துவைக்கும் நேரத்தில் ஒரே ஒரு தொகுப்பு, முதலிலிருந்து கடைசி வரை, நடுவில் யாரும் கை வைக்காமல் ஒலிக்கட்டும். பருவத்துக்கு ஒன்று என்று மூன்று பருவத்துக்கு மூன்று தொகுப்புகள். எது என்பதை ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போட்டு முடிவு செய்யலாம். அது திரைப்பாடலாக இருக்கலாம், பக்திப் பாடலாக இருக்கலாம், கொரிய மொழிப் பாடலாகவும் இருக்கலாம். எங்களுடைய பழைய தட்டுத்தான் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்த மாட்டோம்.

சிஸ்டரிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டோம். படித்துவிட்டு, "சரி, பிள்ளைகளா. ஆனால் பாதியில் மாற்றச் சொல்லி முதலில் வருபவர்கள் நீங்களாக இருக்கக் கூடாது" என்றார்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன் சீட்டுப் போட்டாயிற்று. பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றில், நாடா கட்டி, சிஸ்டரின் மேசை மேல் இருக்கிறது. ஜனவரியில் திறப்பார்கள். ஆறாம் வகுப்பினர் எதை எழுதினார்கள் என்று எவ்வளவு கேட்டும் சொல்ல மறுக்கிறார்கள். கேட்டால், ஒன்பதாவதில் வரும் அந்த விக்கலை மட்டும் நான்கு முறை செய்து காட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.